ட்ரினா சட்டத்தின் ஒரே குற்றவாளி

எங்கள் கிராண்டல் மாவட்டத்தில் ஃபென்டனில் என்ற உயிர்கொல்லிப் போதை மருந்தைப் பற்றிய விழிப்புணர்வுக்கு ஒரு கழகம் இருந்தது. அந்தக் கழகத்தைப் பற்றிய விழிப்புணர்வுக்கு ஒரு துணைக்குழு இருந்தது. இரண்டுக்கும் டோனட்டும் காப்பியும் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். ஒஹாயோ ஆற்றங்கரையில் வெய்ன்ஸ்ஃபெரி ஊரில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறேன். அதனால் பெரிய மனிதர்கள் பேசியதில் பாதிக்கு மேல் என் காதிலும் விழுந்தது. வாயில் டோனட்டை வைத்துக்கொண்டு பேசும்போது மனிதர்கள் கொஞ்சம் அசந்துபோய் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.

லைல் ஹாஸ்டெட்லர் அந்தக் கூட்டத்துக்கு வந்தது அவருடைய மகள் ட்ரினா இறந்த பிறகுதான். லைல் வீடுகளுக்குக் கூரை போடுகிறவர். அதிகம் பேசமாட்டார். மனைவி பிரிந்து போனபின் மகளைத் தனியாக வளர்த்தார். ட்ரினா ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கடைவாய்ப் பல்லில் வலி. பல் டாக்டரிடம் நேரம் கிடைக்க இன்னும் பல வாரம் ஆகும் என்றார்கள். ஒரு தோழன் வீட்டில் யாரோ ஒரு நீல மாத்திரையைக் கொடுத்து, “வலி போயிடும், போட்டுக்கோ” என்றார்கள். வலி மாத்திரை மாதிரியே இருந்தது. உள்ளே இருந்தது ஃபென்டனில். சோபாவில் படுத்துக் குறட்டை விட்டாள். கூட இருந்தவர்கள், பாவம், அசந்து தூங்குகிறாள் என்று டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள். உதடு நீலமான பிறகுதான் பயந்தார்கள். போனை எடுத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டால் போலீசும் கூடவே வரும். அதனால் கூப்பிடாமல் ஓடிவிட்டார்கள்.

அந்த நீல மாத்திரைகள் ரிக் பாண்டரின் கார் வாஷ் பின்னறையிலிருந்துதான் வருகின்றன என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. போலீசாருக்குத்தான் ஆதாரமில்லை. அவர்களுடைய வண்டிகளையும் அங்கேதான் கழுவினார்கள்.

முதல் கூட்டத்தில் லைல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“எனக்குப் பேச வராது. மூணே விஷயம். மாத்திர சாப்பிட்டவன் குறட்ட விட்டா அது தூக்கம் இல்லைன்னு எல்லாருக்கும் சொல்லுங்க. நின்ன மூச்சத் திருப்பிக் கொண்டுவர, மூக்குல அடிக்கிற மருந்து இருக்கே, நலாக்சோன், அத லைப்ரரி, ஹோட்டல்னு எல்லா இடத்துலயும் சுவத்துல மாட்டி வைங்க. விக்கிறவன உள்ள போடுங்க. ஆனா ஆம்புலன்சக் கூப்பிடறவன் மேல கை வைக்காதீங்க. அவன் கூப்பிட்டிருந்தா என் பொண்ணு இருந்திருப்பா.”

 கழகத் தலைவி கார்லட்டா வின்ஷிப் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் வீடு விற்கும் தரகர். மாவட்டத்தின் பாதிப் பேருந்து நிறுத்த விளம்பரங்களில் அவருடைய சிரித்த முகம் இருக்கும்.

“மிஸ்டர் ஹாஸ்டெட்லர், இவ்வளவு நாளா எங்க இருந்தீங்க?” என்றார். “எங்களுக்குத் திட்டம் இருக்கு, நிதி இருக்கு, எல்லாம் இருக்கு. ஒரு முகம்தான் இல்லாம இருந்துச்சு.”

லைலுக்கு அது புரியவில்லை. “முகம் எதுக்குங்க? மருந்துப் பெட்டி எப்ப மாட்டுவீங்க?”

“மாட்டலாம், மாட்டலாம். முதல்ல நிறம் முடிவாகணும்.”

பெட்டியின் நிறத்தைப் பற்றி நான்கு கூட்டங்கள் நடந்தன. சிவப்பு, தீயணைப்புத் துறைக்குச் சொந்தம். ஊதா, வேறொரு கழகம் வைத்திருந்தது. பச்சை நம்பிக்கையைத் தருகிறது. ஆனால் எச்சரிக்கையைத் தரவில்லை. கடைசியில் பெட்டியை ஒத்திவைத்துவிட்டு, சின்னமாக ஒரு வாத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ‘விழிப்பு வாத்து’ என்று பெயர். ஆள் உள்ளே புகுந்துகொள்ளும் மஞ்சள் உடுப்பு, நெஞ்சில் ‘வேண்டாம்னா வேண்டாம்!’ என்ற எழுத்து. ஏன் வாத்து என்று லைல் என்னிடம் கேட்டார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? யாருடைய மருமகனோ வாத்து உடுப்பு தைக்கிற கடை வைத்திருந்தான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

வாத்து அறிமுக விழா இலையுதிர் காலச் சந்தையன்று நடந்தது. மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை: ‘போதையில்லா கிராண்டல். வழங்குவது: பாண்டர் கார் வாஷ். உள்ளும் புறமும் சுத்தம்.’

லைல் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு கார்லட்டாவிடம் போய், “அம்மா, இந்தாளுதான் விக்கிறான்” என்றார்.

“தெரியும் தெரியும், ஊருல அப்படி ஒரு பேச்சு இருக்கு” என்று கார்லட்டா குரலைத் தாழ்த்தினார். “ஆனா ஒண்ணு பாருங்க. இந்தப் பிரச்சினையில எல்லாத் தரப்பையும் சேத்துக்கணும்னு நம்ம கொள்கையிலயே எழுதியிருக்கோம்.”

அடுத்து நடந்ததில் என் பங்கும் உண்டு என்று நாளிதழில் வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். வாத்துக்குள் இருந்த பையன் பசியில் என் மேசையிலிருந்து பொடிச்சர்க்கரை தூவிய டோனட்டை எடுத்தான். வாத்தின் இறக்கையில் எப்படி டோனட் நிற்கும்? சர்க்கரை எல்லாம் மஞ்சள் பஞ்சில் அப்பிக்கொண்டது. அதோடு போய் ஒரு போலீஸ்காரருக்குக் கை கொடுத்தான். அவர் தன் உள்ளங்கையில் வெள்ளைப் பொடியைப் பார்த்தார். “ஃபென்டனில்!” என்று ஒரு கத்தல். அப்படியே சாய்ந்தார். அவரைத் தாங்கப் போனவரும் சாய்ந்தார். இன்னொருவர், “எனக்கு நாக்கு மரத்துப் போச்சு” என்று அறிவித்துவிட்டு, படுப்பதற்கு நல்ல புல்லாகப் பார்த்து உட்கார்ந்தார். கார்லட்டா நாற்காலியிலேயே கண்ணை மூடிக்கொண்டார். வாத்து மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. அது கிட்டே வந்தபோதெல்லாம் ஜனங்கள் அலறி ஓடினார்கள்.

மேடையில் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் நலாக்சோன் மருந்தைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். பேழை பூட்டியிருந்தது. சாவி கார்லட்டாவின் கைப்பையில்.

லைல் நடந்துபோய் வாத்தின் இறக்கையை முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். “உன் சர்க்கரையா?”

“ஆமாம்பா.”

“எந்திரிங்கய்யா” என்று அவர் விழுந்துகிடந்தவர்களிடம் சொன்னார். “சர்க்கரை. நிஜமாவே அதுவா இருந்தாலும், கையில பட்டதுக்கெல்லாம் யாரும் இப்படி விழ மாட்டாங்க. ஆஸ்பத்திரி நர்ஸ் எனக்குச் சொன்னாங்க. விழுந்தவன் இப்படிப் பேசிட்டும் இருக்கமாட்டான்.”

யாரும் எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்த பிறகுதான் எழுந்தார்கள். சர்க்கரை என்று பரிசோதனைக்கூடமும் சொன்னது. ஆனாலும் அடுத்த மாதம் அவர்களுக்கெல்லாம் வீரப் பதக்கம் கொடுத்தார்கள். ‘பொருள் எதுவாக இருந்தாலும், காட்டிய துணிவு உண்மையானது’ என்று பாராட்டுப் பத்திரத்தில் போட்டிருந்தது.

இதற்குள் சட்டம் வந்துவிட்டது. கடுமையான சட்டம் வேண்டும் என்று லைலும்தான் கேட்டார். அடுத்த வருஷம் தேர்தல். எங்கள் தொகுதி உறுப்பினர் அதை மாநிலச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார்; எழுதிக் கொடுத்தது எங்கள் மாவட்ட அரசு வழக்கறிஞர் டக்ளஸ் ஃபெல்ட்மேயர்; அந்தப் பதவிக்கும் எங்கள் ஊரில் தேர்தல்தான். ‘ட்ரினா சட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். கையெழுத்து விழாவில் லைலை ஆளுயர ட்ரினா படத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். அன்றைக்கு அவர் சந்தோஷமாக இருந்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் நிமிர்ந்து நின்றார்.

சட்டத்தை அவர் படித்தது மறுநாள் காலை என் கடையில். படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் விரலை வைத்துவிட்டு மேலே போகவில்லை. போதை மருந்தால் ஒருவர் சாவையோ சாவின் விளிம்பையோ தொட்டால், அதைக் கொடுத்தவருக்கு நீண்ட சிறை. நல்லது. கொடுத்தவர் யாரென்று தெரியாவிட்டால், வேறு எவரும் ஒப்புக்கொள்ளாத வரையில், உடனிருந்தவரே கொடுத்தவராகக் கொள்ளப்படுவார்.

நேராக ஃபெல்ட்மேயர் அலுவலகத்துக்குப் போனார். ஆம்புலன்சைக் கூப்பிடுகிறவர்களைக் காப்பாற்றும் வரி எங்கே என்று கேட்டார்.

“முதல் வரைவுல இருந்துச்சு, சத்தியமா இருந்துச்சு” என்றாராம் ஃபெல்ட்மேயர். “ஆனா நோட்டீசுல அச்சடிக்கிறப்ப இடம் பத்தல. ‘ட்ரினா சட்டம், தப்பவே முடியாது’ன்னு கொட்ட எழுத்துல போட்டாச்சு. அதுக்குக் கீழ ‘சிலர் தப்பலாம்’னு போட்டா நல்லாவா இருக்கும்?”

சட்டத்தில் முதலில் மாட்டியது பாண்டர் அல்ல. டெஸ்ஸா.

டெஸ்ஸா, ட்ரினாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். லைல் வீட்டுச் சமையலறையில் பாதி நாள் சாப்பிட்டவள். அவளுடைய அண்ணன் ரோரி மாத்திரைப் பழக்கத்தில் விழுந்தவன். ஒரு மத்தியானம் அவன் குளியலறையில் சரிந்து கிடந்தான், குறட்டை வந்தது. ட்ரினாவுக்கு ஆனது அவளுக்குத் தெரியும். ஒரு நொடிகூட யோசிக்காமல் ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். ரோரி பிழைத்தான். அவன் மருத்துவமனையில் கண் விழித்தபோது தங்கை சிறையில் இருந்தாள். மாத்திரை யார் கொடுத்தது என்று அவனைக் கேட்டார்கள். அவனுக்குப் பாண்டரின் ஆட்கள் மேல் பயம், வாயைத் திறக்கவில்லை. உடனிருந்தவள் டெஸ்ஸா. சட்டம் தெளிவாக இருந்தது.

நாளிதழில், ‘ட்ரினா சட்டத்தின் முதல் வெற்றி.’

லைல் மறுபடி ஃபெல்ட்மேயரிடம் போனார். இந்த முறை நானும் கூடப் போனேன். வண்டியை நான்தான் ஓட்டினேன்.

“அந்தப் பொண்ணு விக்கல. அண்ணன் உயிரக் காப்பாத்துனா” என்றார் லைல்.

ஃபெல்ட்மேயர் பொறுமையாகத்தான் விளக்கினார். அவர் கெட்ட மனிதர் அல்ல. விளக்கப் பிடிக்கும், அவ்வளவுதான். “மிஸ்டர் ஹாஸ்டெட்லர், உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா நடைமுறைன்னு ஒண்ணு இருக்கில்ல? பெரிய வியாபாரியப் பிடிக்கணும்னா வருஷக்கணக்கா பின்னாடியே அலையணும். வேவு பாக்கணும், ஒட்டுக் கேக்கணும், கோர்ட்டுல வக்கீல் பட்டாளத்தோட வந்து நிப்பான். இவங்கன்னா அவங்களே போன் பண்றாங்க. விலாசமும் குடுக்கறாங்க. நாம போறவரைக்கும் இருக்கவும் இருக்காங்க. இத விட நல்ல வழக்கு கிடைக்குமா?”

“கிடைக்காதுதான்” என்றார் லைல்.

“பாத்தீங்களா, புரிஞ்சுட்டீங்க. விசாரணை அன்னைக்கு முன்வரிசையில உக்காருங்க. ட்ரினா படம் சின்ன சைசுல போதும்.”

லைல் வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தார். கதவை மூன்று தரம் திறந்து திறந்து சாத்தினார். சரியாகத்தான் சாத்தியிருந்தது.

அதன்பிறகு ஊரில் ஒரு புதுப் பேச்சு வந்தது. நான் அதை முதலில் கடையில் கேட்டேன். லைல் காதில் விழக்கூடாதே என்று ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். ஆனால் எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒரு சனிக்கிழமை, மளிகைக்கடை வண்டி நிறுத்துமிடத்தில் அவரே கேட்டுவிட்டார். பழைய பச்சைக் காரில் ஓட்டுநர் இருக்கையில் ஒருவன் தலை தொங்கிக் கிடந்தான். பக்கத்தில் அவன் மனைவி, மடியில் முட்டை அட்டையை வைத்துக்கொண்டு அவன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அவன் உதட்டின் நிறத்தை லைல் பார்த்தார்.

“ஆம்புலன்சக் கூப்பிடும்மா!”

“ஐயோ வேணாம், வேணாம். என் மேல ட்ரினா போட்டுடுவாங்க.”

லைல் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டார் என்று அந்தப் பெண் பின்னால் என்னிடம் சொன்னாள். தான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டாளாம். அவர் யாரென்று அவளுக்குத் தெரியாது.

பிறகு அவர் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கும் நலாக்சோனை எடுத்து அவன் மூக்கில் அடித்தார். இருக்கையைச் சாய்த்து வாயோடு வாய் வைத்து ஊதினார். மறுபடி அடித்தார். அவன் ஒரு பெரிய மூச்சை இழுத்து, கண் திறந்து, முதல் காரியமாக லைலைத் திட்டினான்.

“இப்பக் கூப்பிடு” என்றார் லைல் அவளிடம்.

“நான் மாட்டேன் சார். எனக்குப் பிள்ளைங்க இருக்கு.”

“பயப்படாத. யார் குடுத்தான்னு கேப்பாங்க. லைல் ஹாஸ்டெட்லர் குடுத்தான்னு சொல்லு. நான் இங்கயே நிக்கிறேன்.”

போலீஸ்காரர் வந்தார். பதக்கம் வாங்கியவர்களில் ஒருவர். ஹோல்கம் என்று பெயர். “சார், நீங்களா?”

“நான்தான் குடுத்தேன். ஒப்புக்கறேன். எழுதிக்கோ.”

“சார், நீங்க ட்ரினாவோட அப்பா.”

“அது எனக்குத் தெரியும் தம்பி. நீ எழுது.”

சிறையில் வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ஃபெல்ட்மேயர் ஓடிவந்தார். டை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அரைமணியில் செய்தித் தொலைக்காட்சி வண்டியும் வந்தது. நான் ஜாமீன் விஷயமாக அங்கே போயிருந்ததால் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

“வீட்டுக்குப் போங்க லைல். கதவு திறந்துதான் இருக்கு.”

“டெஸ்ஸா வரட்டும், சேந்து போறோம். ரோரிக்கும் நான்தான் குடுத்தேன்.”

“நீங்க அன்னைக்கு மாடிசன் தெருவுல கூரை மேல இருந்தீங்க! ஊரே பாத்துச்சு!”

“காலையிலயே குடுத்துட்டேன்.”

“பொய்னு என்னால நிரூபிக்க முடியும்!”

“நிரூபிங்க. நான் குடுக்கலன்னா வேற யாரு குடுத்ததுன்னு அதையும் சொல்லணும். சொல்லுங்க, கேப்போம். வெளிய கேமரா வேற இருக்கு.”

ஃபெல்ட்மேயர் ஜன்னல் பக்கம் பார்த்தார். எதிர்ச்சுவரில் அவருடைய தேர்தல் விளம்பரம். அதன் அடியில் ஆதரவாளர் பெயர்கள். முதல் பெயர் பாண்டர்.

“நிரூபிக்கறதெல்லாம் கஷ்டம்னுதானே அந்த வரியவே போட்டோம்” என்றார் அவர். அழுகிற குரல். “நீங்க இப்படிச் செய்வீங்கன்னு நான் நினைக்கவே இல்ல. உங்களுக்காகத்தான் இவ்வளவும் செஞ்சோம்!”

“எனக்காக ஒரு பெட்டி மாட்டியிருக்கலாம்” என்றார் லைல்.

தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்னால் ட்ரினாவின் அப்பாவை ட்ரினா சட்டத்தில் உள்ளே தள்ள எந்த அரசு வழக்கறிஞருக்கு மனம் வரும்? டெஸ்ஸா மீதான வழக்கு அன்று மாலையே கைவிடப்பட்டது. லைல் மீதான வழக்கு ‘ஆய்வில்’ வைக்கப்பட்டது. ஃபெல்ட்மேயர் கேமரா முன்னால் போய், சட்டம் தன் நோக்கத்தை நிறைவேற்றிவிட்டது என்று சொன்னார். தேர்தலில் ஜெயித்தார்.

டெஸ்ஸா வெளியே வந்ததும் லைல் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். “அங்கிள், நான் பேசாம இருந்திருக்கலாம்னு உள்ள இருக்கும்போது ஒரு தடவ தோணிடுச்சு. ரோரி செத்திருந்தாலும் பரவாயில்லன்னு. எனக்கு அப்படித் தோணிடுச்சு அங்கிள்.”

“தோணும்மா. தோண வச்சிருக்காங்க” என்றார் அவர். “இனிமே யாரு விழுந்தாலும் முதல்ல ஆம்புலன்சக் கூப்பிடு. அப்புறம் என்னக் கூப்பிடு. எல்லார்கிட்டயும் சொல்லு.”

சொன்னாள். ஊரும் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் எந்த வீட்டில், எந்தக் கழிப்பறையில் யார் சரிந்தாலும், ஜனங்கள் பயமில்லாமல் போன் செய்தார்கள். யார் கொடுத்தது என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: லைல் ஹாஸ்டெட்லர். அவரும் கூரையிலிருந்து இறங்கி, ஆணிப்பையோடு வந்து, ஆமாம் நான்தான் என்றார். ஒரே நாளில் மாவட்டத்தின் இரண்டு மூலைகளில் ஒரே நேரத்தில் கொடுத்ததாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். வழக்குகள் எல்லாம் ஆய்வில் இருக்கின்றன.

கழகத்தின் ஆண்டறிக்கை போன மாதம் வந்தது. கூட்டத்துக்கு டோனட் என்னுடையதுதான். பொடிச்சர்க்கரை கூடாது என்று உத்தரவு. கார்லட்டா வாசித்தார். உதவி கேட்டு வரும் அழைப்புகள் பெருகியுள்ளன. இறப்புகள் வெகுவாகக் குறைந்துள்ளன. இது விழிப்பு வாத்தின் சாதனை. எனினும் மாவட்டத்தில் ஃபென்டனில் வழங்கல் முழுவதும் ஒரே நபரின் கையில் இருப்பதாகப் பதிவுகள் காட்டுவது கவலைக்குரியது. அந்த நபரின் பெயரை, குடும்பத்தாரின் துயரத்தை முன்னிட்டு, அறிக்கையில் சேர்க்கவில்லை. பிறகு சிறந்த சமூகப் பங்களிப்புக்கான கேடயத்தை ரிக் பாண்டருக்குக் கொடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன், மற்றக் கையில் டோனட் தட்டு இருந்ததால் ஒரு கையால்.

கூட்டம் முடிவதற்குள், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த லைலுக்குப் போன் வந்தது. மில் தெருவில் ஒரு பெண். மூச்சு திரும்பிவிட்டது, ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறது, போலீஸ் வந்து கேட்கிறது. நான்தான் அவரைக் கொண்டுபோய் இறக்கினேன். வாசலில் ஹோல்கம் நின்றிருந்தார். லைலைப் பார்த்ததும் எழுதுவதற்கு எடுத்த நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“நீங்கதானே சார்?”

“நான்தான் தம்பி.”

“சரி, ஏறுங்க. பின்னாடி வேணாம், முன்சீட்லயே உக்காருங்க. முதுகு வலின்னு சொன்னீங்களே.” ஹோல்கம் கதவைத் திறந்துவிட்டுச் சற்றுத் தயங்கினார். “சார், அந்த மூக்கு மருந்து உங்ககிட்ட ஒண்ணு அதிகமா இருக்குமா? எங்க வண்டியில இன்னும் வைக்கல. நிறம் முடிவாகலையாம்.”